லாரி ஹோம்ஸை முதலில் வைத்தது யார்

அது என்னுடைய வாக்கியம். என்னைப் பெண் பார்க்க வந்து ஹாலில் உட்கார்ந்து அதியமான் என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறானே, "சார், எதிரிய அடிக்கிறது யாரால வேணா முடியும், தனக்குச் சொல்லிக்குடுத்த வாத்தியாரோட பேப்பரையே திருத்தி, அவருக்கே ஃபெயில் போடணும்னா எவ்ளோ தெம்பு வேணும்" என்று, அது என்னுடைய வாக்கியம், ஒரு சொல்கூட மாறவில்லை, 'வாத்தியாரோட' என்ற இடத்தில் நான் மூச்சு வாங்குவதுபோலவே வாங்குகிறான், கையிலும் தட்டுகிறானா என்று சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தேன், தட்டுகிறான், இடது உள்ளங்கையில் ஆள்காட்டி விரலால், நான் தட்டுகிற மாதிரியே, கடவுளே, அந்தக் கை என் கை. நான் இங்கே காபித் தட்டோடு நிற்கிறேன். டம்ளர்கள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுக்கின்றன, அம்மா அதைப் பயம் என்று நினைத்து, "என்னடி இப்படி நடுங்குற, ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு வந்துடலாம்" என்கிறாள், பஜ்ஜி எண்ணெயின் வாடை அவள் பட்டுப்புடவையில் ஏறியிருக்கிறது. பயமில்லை அம்மா. என்ன இது என்று எனக்கே தெரியவில்லை. யாரோ பளாரென்று ஒன்று வைத்த மாதிரி காதுக்குள் ஒரு ரீங்காரம், வலி இன்னும் வரவில்லை, வரும் என்று தெரிகிறது. எல்லாம் ஹால் சுவரில் இருக்கும் அந்தப் படத்தில் ஆரம்பித்தது. மற்ற வீடுகளில் முருகன் இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் அந்தக் காலத்துக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி இருப்பார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் அப்பா கஜபதி சட்டம் போட்டு மாட்டியது, கையுறையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு யாரையோ கவலையோடு பார்க்கும் படம். அதியமான் வந்து உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அட, இது ஜோ லூயி இல்ல?" என்றான், ஏதோ இப்போதுதான் கண்ணில் பட்டதுபோல. அந்தப் படத்தைப் பற்றி நான் அவனிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். நடிக்கிறான், கெட்டிக்காரன் என்று உள்ளே நின்று சிரித்துக்கொண்டேன். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "தம்பிக்கு பாக்ஸிங் தெரியுமா? சரி சொல்லுங்க, ஹெவிவெயிட்ல இதுவரைக்கும் வந்தவங்கள்ல யாரு ஒண்ணாம் நம்பர்?" அவன் யோசிப்பதுபோல மோவாயைத் தடவினான். "லாரி ஹோம்ஸ் சார்" என்றான். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அந்த வாக்கியம் வந்தது.

ஹோம்ஸ். யாருக்காவது ஹோம்ஸ் நினைவுக்கு வருவாரா? உலகத்தில் யாரைக் கேட்டாலும் அலி என்பார்கள், கொஞ்சம் வயதானவர்கள் லூயி என்பார்கள், கணக்குப்பிள்ளை மனசுக்காரர்கள் ஒரு தோல்விகூட இல்லாத மார்சியானோ என்பார்கள், பையன்கள் எல்லாரும் டைசன். ஹோம்ஸை முதலில் வைப்பதற்கு ஒருத்தி கிறுக்காக இருக்க வேண்டும், அந்தக் கிறுக்கு நான்தான். பதினைந்து வயதில் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் துறைமுக நண்பர்கள் இதே ஹாலில் கூடுவார்கள், பட்டியல் போடுவார்கள், அடித்துக்கொள்வார்கள், லூயி பன்னிரண்டு வருஷம் பட்டத்தை விடாமல் வைத்திருந்தார் என்று ஒருவர், அலி வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று சொல்லிப் பட்டத்தையே விட்டாரே, அது எதில் சேர்த்தி என்று இன்னொருவர், எண்பதில் அலி மெட்ராஸுக்கு வந்தபோது சித்தப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன் என்று அப்பா, எத்தனையாவது தடவையோ. நான் உள்ளறையில் கணக்குப் போடுவதுபோல உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்புறம் அலியும் ஹோம்ஸும் மோதிய சண்டையின் வீடியோவை நானே தேடிப் பார்த்தேன். அதே எண்பதாம் வருஷம், அக்டோபர், அலிக்கு வயதாகிவிட்டது, எதிரில் ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலியோடு பயிற்சிக்கு நின்று அடி வாங்கி வளர்ந்தவர். ஹோம்ஸ் இடது கையால் குத்துகிறார், குத்திவிட்டு நடுவரைப் பார்க்கிறார், நிறுத்துங்களேன் என்று கேட்பதுபோல, யாரும் நிறுத்தவில்லை, மறுபடி குத்துகிறார். பத்தாவது சுற்றுக்குப் பிறகு அலியின் ஆட்களே நிறுத்துகிறார்கள். ஜெயித்தவர் அழுதார். அழுத அவரை ஒருவரும் மன்னிக்கவில்லை, நீ அலி இல்லையே என்று கடைசிவரை சொன்னார்கள். அடுத்த ஞாயிறு டீ கொண்டுபோனபோது தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன், "ஹோம்ஸ்தாம்ப்பா ஒண்ணாவது." வாத்தியார் பேப்பர் கதையையும் சொன்னேன், உள்ளங்கையில் தட்டித் தட்டி. எல்லாரும் சிரித்தார்கள். கோபமாக இல்லை, பிரியமாகத்தான், ஒரு நாய்க்குட்டி தும்மினால் சிரிப்போமே, அப்படி. அப்பா என் தலையில் கை வைத்து, "போம்மா, போய்ப் படி" என்றார். அதே அப்பா இதோ ஹாலில் தொடையில் தட்டுகிறார். "அப்படிச் சொல்லுங்க மாப்பிள்ள! இத்தினி வருஷத்துல இப்படி ஒரு கோணம் யாருமே சொன்னதில்ல!" மாப்பிள்ளை. இன்னும் காபியே போகவில்லை, அதற்குள் மாப்பிள்ளை. யாருமே சொன்னதில்லையா? யாருமே? அம்மா என் முதுகில் இடிக்கிறாள், "கேட்டியாடி, உங்கப்பாவ மடக்கிட்டாரு பையன். நான் தேடின வரன் சும்மாவா?"

நீ தேடவில்லை அம்மா. உன்னைத் தேட வைத்தோம். ஒரே நாளில் ஒரே திருமண இணையதளத்தில் அதியமானும் நானும் எங்கள் விவரத்தைப் பதிந்தோம், வயது, உயரம், ஊர் எல்லாம் ஒன்றுக்கொன்று கொக்கி மாட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்து எழுதினோம், பிறகு இரண்டு அம்மாக்களும் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தோம். அவன் அண்ணன் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போனவன், தீபாவளிக்குக்கூட வருவதில்லை, அதிலிருந்து அவன் அம்மா, காதல் என்று சொல்லிக்கொண்டு எவளாவது வாசல்படி ஏறினால் நான் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். அதனால் நாங்கள் அந்நியர்கள். மூன்று வருஷமாகத் தெரிந்த அந்நியர்கள். நல்லவேளை சாதி சரியாக அமைந்தது, நம் அதிர்ஷ்டம் என்று ஒருநாள் சொன்னான், அதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்லலாம் என்று சாயங்காலம் முழுக்க அவனோடு சண்டை போட்டேன், அவன் கேட்டுக்கொண்டான், அவன் எப்போதும் கேட்டுக்கொள்வான், அதுதானே, அதற்குத்தானே விழுந்தேன். பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடிந்ததும் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தின் ஆளில்லாத படிகளில் உட்காருவோம், கடற்காற்று சிமெண்டுத் தூசியைக் கிளப்பிக்கொண்டு வரும், அவன் டைசன் என்பான். டைசனைத் தவிர ஒரு பெயரும் தெரியாது அவனுக்கு. நான்தான் ஒவ்வொருவராகக் கூட்டிவந்தேன், ஜாக் ஜான்சனை, லூயியை, ஃப்ரேசியரை, ஃபோர்மனை, பெயர் சொல்லி, அடி சொல்லி, காலடி எப்படி வைத்தார்கள் என்று படியில் எழுந்து நின்று காட்டி. ஒருநாள் ஹோம்ஸ் கதையைச் சொன்னேன், சிரிப்பானோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "மதி, இத நீ எழுதணும்" என்றான். அன்றைக்குத்தான் நினைத்தேன், இவன்தான் என்று. அவன் கேட்டதெல்லாம் எங்கே போனது என்று நான் ஏன் கேட்கவே இல்லை? கேட்கிறவன் சேர்த்து வைக்கிறான், சேர்த்தவன் செலவழிக்கிறான். சீ, இல்லை, இது அநியாயம், நான் அவன் பக்கத்தையும் பேச வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்காது. அவன் எனக்காகத்தான் செய்கிறான். அப்பாவை விழவைக்க எது நல்ல குத்து என்று யோசித்திருப்பான், என்னுடையதுதான் நல்ல குத்து என்று தெரிந்திருக்கும், அது ஒரு விதத்தில் பாராட்டுத்தானே? ஒரு விதத்தில். எந்த விதத்தில்? லூயி சொன்னது, டைசன் செய்தது என்று அவனால் எதையாவது சொல்லியிருக்க முடியும், நூறு விஷயம் கற்றுத் தந்திருக்கிறேன், ஏன் இது? இது ஒன்றைத்தானே நான் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. வாத்தியார் பேப்பர் உவமையைக்கூடவா? "ஒருத்தர் சொல்லிக் கேட்டேன் சார்" என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? யார் அந்த ஒருத்தர் என்று அப்பா கேட்டிருக்கமாட்டார். கேட்கவே மாட்டார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. இப்படித்தான் ஆரம்பிக்குமா? முப்பது வயதில் ஏதோ விருந்தில் அவன் பேசுவான், எல்லாரும் தலையாட்டுவார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் குரலை வெளியே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன், உங்க வீட்டுக்காரர் என்னமா பேசுறார் என்பார்கள், நான் சிரிப்பேன். நாற்பதில் எனக்கே மறந்துபோகும், எது யார் சொன்னது என்று. ஐம்பதில் எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றாது. நெஞ்சுக்குள் குளிர்கிறது, எண்ணெய்ச்சட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டு குளிர்கிறது. நான் போய் அது என்னுடையது என்று சொல்ல முடியாது, அதுதான் இதில் இருக்கிற கண்ணி, என்னுடையது என்றால் இவனிடம் எப்போது சொன்னாய் என்பார்கள், மூன்று வருஷம் வெளியே வரும், அவன் அம்மா பின்வாசல் தேடுவார், எங்கள் வீட்டில் பின்வாசலே இல்லை, மூன்றாவது மாடி. ஒரு வாக்கியத்துக்காகவா? ஒரு குத்துச்சண்டைக்காரனை யார் முதலில் வைத்தார்கள் என்பதற்காகவா கல்யாணத்தை உடைப்பது? யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நாய்க்குட்டி தும்மியது என்று சிரிப்பார்கள்.

"வாம்மா, வா" என்கிறார் அவன் அம்மா. நான் எப்போது ஹாலுக்கு வந்தேன்? கால்கள் வந்துவிட்டன. வெங்காயக் கலர் புடவை, நல்ல முகம், என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கண்ணும் சிரிக்கிறது, இவரை ஏமாற்றுகிறோமே என்று முதல் தடவையாக உறைக்கிறது. அவன் அப்பா கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், காபியை வாங்கி, ஆற்றி, யாரையும் பார்க்காமல் குடிக்கிறார். அதியமான் என் கையிலிருந்து டம்ளரை எடுக்கும்போது கண்ணைக் குறுக்கி ஒரு சின்னச் சிரிப்பு சிரிக்கிறான், ஜெயித்துவிட்டோம் என்கிற சிரிப்பு. அவனுக்குத் தெரியவில்லை. அது இன்னொரு அடி. தெரிந்தே செய்தான் என்றால் திட்டலாம், தெரியவே இல்லை என்றால் என்ன செய்வது? "ஒக்காரும்மா, ஒக்காரு" என்று அப்பா இடம் காட்டுகிறார், முகமெல்லாம் பளபளக்கிறது. "மாப்பிள்ள என்னமா அலசுறாரு தெரியுமா. ஒரு மணி நேரம் கேட்டுட்டே இருக்கலாம். நீயுந்தான் எல்லாத்துக்கும் வாதம் பண்ணுவியே, இவர்கிட்ட கத்துக்கோ, ஒரு பாயிண்ட எப்படி வெக்கிறதுன்னு." எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான், குனிந்துகொண்டு, அடக்கமாக. அவன் அம்மா கேட்கிறார், "உனக்கு இந்தச் சண்டையெல்லாம் புடிக்குமாம்மா?" நான் வாயைத் திறக்கிறேன். "அவங்களுக்கு இதெல்லாம் போர் அடிக்கும்மா" என்கிறான் அதியமான். எனக்காகச் சொல்கிறான், என்னைக் காப்பாற்றுகிறான், நான் தெரிந்ததுபோலப் பேசிவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அவசரமாக முந்திக்கொண்டு சொல்கிறான். ஆனால் சொல்லும்போது அவன் குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது. நாற்காலியின் பிளாஸ்டிக் வயர்கள் தொடையில் அழுந்துகின்றன. ஒரு மின்விசிறி, நான்கு டம்ளர், வாழைக்காய் பஜ்ஜியின் மேல் ஓர் ஈ. அவங்களுக்கு. போர் அடிக்கும்.

"புள்ளைங்க தனியா ரெண்டு வார்த்தை பேசட்டுமே, இப்பல்லாம் அதானே வழக்கம்" என்று அம்மா சொல்ல, எங்களைப் பால்கனிக்கு அனுப்புகிறார்கள். கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் அவன் முகம் விரிகிறது. கீழே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, ஹாரன் சத்தத்தில் நாங்கள் பேசுவது உள்ளே கேட்காது. "எப்டி?" என்கிறான். "உங்கப்பா க்ளீன் போல்டு!" குத்துச்சண்டைக்கு கிரிக்கெட் வார்த்தை போடுகிறான், மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தும். நான், "அது என்னோடது அதியா" என்கிறேன். "எது?" "எதுவா? ஹோம்ஸ். வாத்தியார் பேப்பர். தட்டினியே கையில, அந்தத் தட்டு." அவன் நிஜமாகவே குழம்புகிறான், முகத்தில் கள்ளமே இல்லை, அதைப் பார்க்கத்தான் தாங்க முடியவில்லை. "ஆமா, நீ சொன்னதுதான். அதனால என்ன? நம்மளோடதுதானே?" நம்மளோடது. நான் தலையை ஆட்டுகிறேனா, தானாக ஆடுகிறதா தெரியவில்லை. "நீ டைசன்னு சொல்லியிருக்கலாமே. அது உன்னோடது." "டைசன்னு சொன்னா உங்கப்பா மூஞ்சியில காறித் துப்பியிருப்பாரு. மதி, ப்ளீஸ், இப்ப ஆரம்பிக்காத. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் உங்கப்பாகிட்ட நானே சொல்றேன், இது உங்க பொண்ணோட ஐடியாதான்னு. ஓகேவா?" "நீ சொல்லுவ." "நானே சொல்றேன்." "நான் சொன்னதுன்னு நீ சொல்லுவ. அப்பதான் அவரு நம்புவாரு." "அதான் சொல்றேன்ல" என்று சிரிக்கிறான், ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று நினைத்து. அவன் கை கம்பியின் மேல் என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தொடவில்லை, உள்ளேயிருந்து பார்ப்பார்கள். அந்தக் கையை எனக்கு எவ்வளவு பிடிக்கும். இப்போதும் பிடிக்கிறது. அது எனக்கு இன்னொரு அதிர்ச்சி, இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கிறது, பிடிக்காமல் போய்விட்டால் எவ்வளவு சுலபம்.

உள்ளே வருகிறோம். எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்புகிறது. "என்னம்மா" என்கிறார் அவன் அம்மா, கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, உள்ளங்கை மெத்தென்று சூடாக இருக்கிறது, "எங்களுக்கு நெறைவா இருக்கு. உனக்குப் புடிச்சிருக்கா? வாயத் தொறந்து சொல்லு." சொல். ஒரே சொல். புடிச்சிருக்கு, அவ்வளவுதான், பொய்கூட இல்லை. அம்மா சமையலறை வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதியமான் தன் கால் விரல்களைப் பார்க்கிறான், இந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாம் சரியாக நடக்கும், மண்டபம், தேதி, அவன் கை, அந்தப் படிகள், இல்லை, அந்தப் படிகள் இனி இருக்காது, அங்கே உட்கார்ந்து பேசியவள் இந்தச் சொல்லோடு எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள், கணக்குப் போடுவதுபோல உட்கார்ந்து ஹாலில் நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அப்பா" என்கிறேன். யாரோ பேசுவதுபோல இருக்கிறது. "ஹோம்ஸ் பத்தி இவர் சொன்னாரே, அது நான் சொன்னது." அப்பா சிரித்த முகத்தோடு என்னைப் பார்க்கிறார், இன்னும் புரியவில்லை. "பதினஞ்சு வயசுல இதே எடத்துல நின்னு உங்ககிட்ட சொன்னேன். நீங்கல்லாம் சிரிச்சீங்க. அப்புறம் இவர்கிட்ட சொன்னேன். மூணு வருஷமா இவர்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கேன். லவ் பண்றோம். வெப்சைட்டெல்லாம் நாங்க செஞ்ச வேலை. உங்க எல்லாரையும் ஏமாத்தினோம்." எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது. நாலைந்து வாக்கியம். என் கையைப் பிடித்திருந்த கை விலகுகிறது, உதறவில்லை, மெல்ல, சுடுகிற பாத்திரத்தை இறக்கி வைப்பதுபோல என் கையை என் மடியில் வைத்துவிட்டு விலகுகிறது. "மூணு வருஷமா?" என்று அவர் தன் மகனைக் கேட்கிறார். "மதி..." என்கிறான் அவன். அவன் அப்பா காபியைக் கீழே வைக்கிறார். அம்மா, "அய்யய்யோ, என்னடி சொல்ற" என்று சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். என் அப்பா, என் அப்பா யாரைப் பார்க்கிறார்? அவனைப் பார்க்கிறார். "தம்பி, இவ என்னமோ சொல்றாளே. நிஜமா? அந்தப் பாயிண்ட் இவளோடதா? நீங்க சொல்லுங்க." நீங்க சொல்லுங்க. இப்போதும். நான் என் வாயால், எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுவிட்டுச் சொன்ன பிறகும். காதின் ரீங்காரம் சட்டென்று நின்றுவிட்டது, வலி வந்துவிட்டது, சுத்தமான வலி, இடம் தெரிகிறது. அதியமான் தொண்டையைச் செருமுகிறான், என்ன சொல்லப்போகிறானோ, ஆமாம் என்பானோ, இல்லை என்பானோ, எதுவாக இருந்தாலும் அதைக் கேட்டபிறகு நான் உண்மை பேசுபவள், அல்லது பொய் பேசுபவள், அவன் வாய் திறந்து முடிவு செய்யும்வரை நான் ஒன்றுமே இல்லை. எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் போய் நிற்கிறேன். "அவரக் கேக்காதீங்கப்பா. என்னக் கேளுங்க." அவன் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுவது முதுகுக்குப் பின்னால் கேட்கிறது, புடவையின் சரசரப்பு, அவன் "அம்மா, ஒரு நிமிஷம்மா" என்று போவது, கதவுப் பக்கம் செருப்புகளைத் தேடும் ஓசை. நான் திரும்பவில்லை. அப்பா என்னை அண்ணாந்து பார்க்கிறார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, அதைவிட மோசமானது ஒன்று வருகிறது. என்னிடம் என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பிட்டியா, படிச்சியா, எப்ப வருவ, இதைத் தவிர என்னிடம் கேட்பதற்கு அவரிடம் இத்தனை வருஷமாக ஒரு கேள்வியும் இருந்ததில்லை, இப்போது தேடுகிறார், கண்ணில் தெரிகிறது, எதை எங்கே வைத்தோம் என்று வீட்டுக்குள் தேடுகிறவர் மாதிரி. தேடட்டும். நான் நிற்கிறேன்.